ஐஇஎல்டிஎஸ் ரீடிங்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ். பல வருடங்களாக மாலை நேரத்தில் அதற்கு வகுப்பு எடுத்து வருகிறேன். வருகிறவர்களில் செவிலியர்கள் அதிகம். அப்புறம் இன்ஜினியரிங் முடித்தவர்கள், கணவரோ மனைவியோ வெளிநாட்டில் இருப்பதால் கிளம்பக் காத்திருப்பவர்கள். எல்லோரும் ஸ்பீக்கிங்குக்குப் பயந்துகொண்டு வருகிறார்கள். ரிசல்ட் வரும்போது பலரைக் கீழே இழுத்திருப்பது ரீடிங்.

அது ஏன் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். மார்க் போவது பாசேஜில் இல்லை, வாக்கியத்தில். ஒரு பாசேஜ் எதைப் பற்றியது என்று ஏறக்குறைய எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. விடை ஒளிந்திருக்கும் அந்த ஒற்றை வாக்கியம்தான் கை நழுவிப் போகிறது. கீழே உள்ள பதில்கள் பலவும் இதைச் சுற்றித்தான் வரும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசும் என்பதால் மேலிருந்து படித்து வாருங்கள்.

"ரீடிங்ல என்னதான் கேப்பாங்க மேடம்? மொதல்ல இருந்து சொல்லுங்க."

60 நிமிடம், 40 கேள்வி, கேள்விக்கு ஒரு மார்க். தேர்வில் இரண்டு வகை உண்டு: மேற்படிப்புக்கு அகாடமிக், பெரும்பாலும் வேலைக்கும் குடியேறுவதற்கும் ஜெனரல் ட்ரெயினிங். அகாடமிக் தேர்வில் மூன்று நீளமான பாசேஜ் வரும். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் இருக்கும். புத்தகம், பத்திரிகை, ஆய்விதழ், செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. தேனீக்கள், பழங்கால நகரத்தின் வடிகால், குழந்தைகளின் தூக்கம் என்று தலைப்பு எதுவாகவும் இருக்கலாம். அந்தத் துறையைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ரொம்பத் தொழில்நுட்பமான சொல் வந்தால் அதற்கு அவர்களே சிறு விளக்கம் கொடுத்துவிடுவார்கள்.

ஜெனரல் ட்ரெயினிங்கில் விளம்பரம், அறிவிப்பு, வேலை இடத்து விதிமுறை போன்ற சின்னச் சின்னப் பகுதிகள் முதலில் வரும். கடைசியில் ஒரு நீளமான கட்டுரை. நேரமும் கேள்வி எண்ணிக்கையும் அதேதான்.

இரண்டு விஷயங்களை முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை, ஆகவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பேப்பர் தேர்வில் லிஸனிங் முடிந்ததும் விடைகளை எடுத்து எழுதத் தனியாக 10 நிமிடம் தருவார்கள். ரீடிங்கில் அது கிடையாது, அந்த 60 நிமிடத்துக்குள் விடைத்தாளில் ஏறியிருக்க வேண்டும். கேள்வித்தாளில் குறித்து வைத்துவிட்டு, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்து கடைசி ஆறேழு விடைகளைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு 7 வேணும். 40க்கு எத்தனை சரியா இருக்கணும்?"

40-க்கு எடுத்த மார்க்கை 9 வரை போகும் பேண்டாக மாற்றித்தான் ரிசல்ட் தருவார்கள். அகாடமிக்கில் 23 ஒட்டி எடுத்தால் 6, 30 ஒட்டி எடுத்தால் 7, 35 ஒட்டி எடுத்தால் 8. தாளின் கடினத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்னே பின்னே மாறும். ஜெனரலில் பாசேஜ் எளிது என்பதால் கணக்கு கடுமை. அங்கே 30 எடுத்தால் 6தான், 7க்கு 34 ஒட்டி வேண்டும்.

அகாடமிக்கில் 6க்கும் 7க்கும் நடுவே இருப்பது ஏழு கேள்வி. மூன்று பாசேஜுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ரீடிங்கில் 7 கேட்கிறார்கள். அந்தக் கனவோடு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போர்டில் எழுதிக் காட்டுவேன். ஆங்கிலத்தையே தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை, பாசேஜுக்கு இரண்டு மூன்று கேள்வியைக் காப்பாற்ற வேண்டும்.

"நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் மீடியம் பசங்க கூட போட்டி போட முடியுமா?"

முடியும். இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஆங்கில மீடியத்தில் படித்த பலர் பேசத் தயங்க மாட்டார்கள், ஆனால் ஒரு பாராவைக் கவனமாகப் படித்துப் பழகியிருக்க மாட்டார்கள். மேலோட்டமாகப் புரிந்ததை வைத்து விடை போட்டுவிடுவார்கள். தமிழ் மீடியத்துப் பிள்ளைகள் மெதுவாகப் படிப்பார்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பார்ப்பார்கள். இந்தத் தேர்வுக்கு அந்தப் பழக்கம் பெரிய சொத்து. வேகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு அனுகூலமும் உண்டு. பள்ளியில் எழுவாய், பயனிலை, பெயரெச்சம், வினைமுற்று என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த பதிலில் அது நேராகக் கை கொடுக்கப் போகிறது.

"ஒரே வாக்கியம் நாலு வரி போகுது மேடம். முடிவுக்கு வர்றதுக்குள்ள ஆரம்பம் மறந்துடுது."

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. முதலில் ஒரு தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்: "பாதையை அமைத்த பொறியாளர்கள் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே போட்ட பல் தண்டவாளம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது." ஊட்டி மலை ரயிலைப் பற்றியது. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் வழுக்காமல் ஏற நடுவில் போடும் பற்கள் உள்ள தண்டவாளம்தான் பல் தண்டவாளம். ஒரு மூச்சில் புரிகிறது, இல்லையா? இதையே ஆங்கிலத்தில் எழுதினால்: "த டூத்ட் ரெயில் தட் த இன்ஜினியர்ஸ் ஹூ பில்ட் த லைன் லெய்ட் பிட்வீன் கல்லார் அண்ட் குன்னூர் ஈஸ் ஸ்டில் இன் யூஸ்." இதை வகுப்பில் வாசித்து "எது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது?" என்று கேட்டால் பாதிப் பேர் "லைன்" என்பார்கள், சிலர் "இன்ஜினியர்ஸ்" என்பார்கள். தண்டவாளம் என்று சொல்கிறவர்கள் குறைவு.

காரணம் இதுதான். தமிழில் விவரிக்கும் பகுதி பெயருக்கு முன்னால் வந்துவிடும்: அமைத்த பொறியாளர்கள், போட்ட தண்டவாளம். வினைமுற்று கடைசியில் வந்து கதவைச் சாத்தும். ஆங்கிலத்தில் பெயரை முதலில் சொல்லிவிட்டு, விவரத்தைப் பின்னால் அடுக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் அந்தப் பெயருக்கான வினை வரும். எழுவாய் ஒரு கரையிலும் வினை மறுகரையிலும் நிற்கும். நடுவில் ஓடுகிற தண்ணீரில் நாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறோம்.

செய்ய வேண்டியது மூன்று. பென்சிலை எடுத்து வாக்கியத்தில் உள்ள வினைகளை எல்லாம் அடிக்கோடிடுங்கள். மேலே உள்ளதில் பில்ட், லெய்ட், ஈஸ். அடுத்து, ஹூ, விச், தட், வேர் என்று தொடங்கும் பகுதிகளை அடைப்புக்குள் போடுங்கள். அடைப்புக்கு வெளியே மிச்சம் இருக்கும் வினைதான் நமது வினைமுற்று, அதன் எழுவாயும் வெளியேதான் இருக்கும். கடைசியாக, முழு வாக்கியத்தையும் தமிழில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தினமும் ஐந்து நீள வாக்கியம், இரண்டு மாதம். அதற்குப் பிறகு பென்சில் தேவைப்படாது, கண்ணே அடைப்புப் போட்டுக்கொள்ளும்.

"மனசுக்குள்ள தமிழ்ல மாத்தித்தான் புரிஞ்சுக்கறேன். அது தப்புன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

முழுப் பாசேஜையும் வரிக்கு வரி தமிழில் மாற்றிக்கொண்டே போனால் நேரம் போதாது. அந்த அளவுக்கு அவர்கள் சொல்வது சரி. ஆனால் தமிழையே தொடக்கூடாது என்பதை நான் ஏற்பதில்லை. பயிற்சியில் முடிச்சு விழுந்த வாக்கியத்தைத் தமிழில் பிரித்துப் பார்ப்பதைப் போல, புரிந்ததா இல்லையா என்று சோதிக்க வேறு நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. தமிழில் சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். தேர்வு அறையில் எளிய வாக்கியங்களை ஆங்கிலமாகவே ஓடவிடுங்கள், விடை இருக்கும் வாக்கியத்தில் மட்டும் நின்று தமிழில் யோசியுங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை.

"எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும்? மூவாயிரம் வார்த்தை புக் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

அந்தப் புத்தகத்தில் பாதி, தேர்வில் கண்ணில் படாத அலங்காரச் சொல்லாக இருக்கும். அதைவிடப் பயன் தருவது ஒன்று உண்டு. நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ம் ஆண்டில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். அகாடமிக் வேர்ட் லிஸ்ட் என்று தேடினால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். கல்வி சார்ந்த ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 10 சதவீதத்தை இவை மட்டுமே நிரப்புகின்றன. நாளைக்கு ஐந்து என்று வைத்தால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

அகராதி இல்லாமல் வசதியாகப் படிக்க ஒரு பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தத் துறை ஆய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். இதை உங்கள் பயிற்சிக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த கட்டுரையின் முதல் ஐம்பது சொல்லில் ஐந்தாறு தெரியவில்லை என்றால் அது இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. அடுத்ததை எடுங்கள்.

சொல்லைத் தனியாக எழுதி எதிரே தமிழ் அர்த்தம் எழுதும் பழக்கத்தை விடுங்கள். பார்த்த வாக்கியத்தோடு எழுதுங்கள். அதே குடும்பத்தில் உள்ளதையும் சேர்த்து எழுதுங்கள்: சிக்னிஃபிகன்ட், சிக்னிஃபிகன்ஸ், சிக்னிஃபை. பாசேஜில் ஒன்று வரும், கேள்வியில் இன்னொன்று வரும்.

"பெரிய வார்த்தை ஓகே மேடம். ஆனா தெரிஞ்ச சின்ன வார்த்தையிலதான் மாட்டிக்கறேன்."

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் அன்று வகுப்பிலேயே பாராட்டினேன். உண்மையில் விடையைத் தீர்மானிப்பவை சின்னச் சொற்கள்தான். "ஃபியூ பீப்பிள்" என்றால் அனேகமாக யாருமில்லை, "அ ஃபியூ பீப்பிள்" என்றால் சிலர் இருக்கிறார்கள். நடுவில் ஒரே எழுத்து. "ஹார்ட்லி" என்பதை "ஹார்ட்" என்று படித்து, கஷ்டப்பட்டு உழைத்தான் என்று புரிந்துகொண்டவர்கள் உண்டு. அதற்கு அர்த்தம் நேர் எதிர்: வேலையே செய்யவில்லை என்கிற மாதிரி. "நாட் அன்டில்" என்று வந்தால், அதற்கப்புறம்தான் நடந்தது என்று பொருள். "அன்லெஸ்" உள்ளே ஒரு "இல்லாவிட்டால்" ஒளிந்திருக்கிறது.

மே, மைட், சம், மோஸ்ட், ஆல், ஒன்லி, டெண்ட் டு, ரேர்லி. இவற்றுக்குத் தமிழில் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். படிக்கும்போது கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது, அதுதான் சிக்கல். ஒரு வாரம் எந்தப் பாசேஜைப் படித்தாலும் இந்தச் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம்.

"சுத்தமா தெரியாத வார்த்தை வந்தா? அங்கயே நின்னுடறேன்."

முதலில், அந்தச் சொல் தேவையா என்று பாருங்கள். எந்தக் கேள்வியும் அதைத் தொடவில்லை என்றால் விட்டுவிட்டுப் போங்கள். தேவை என்றால் அக்கம்பக்கத்தைக் கேளுங்கள். "ஏற்றம் மிகவும் ஆர்டுவஸாக இருந்ததால் கோவேறு கழுதைகள்கூட மணிக்கொரு முறை நின்று இளைப்பாற வேண்டியிருந்தது" என்று இருந்தால் ஆர்டுவஸ் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா? கடினமான என்பதற்கு மேல் துல்லியம் அங்கே தேவையும் இல்லை.

"தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிச்சா போதுமா?"

படியுங்கள், ஆனால் அரசியல் பக்கமும் கிரிக்கெட்டும் மட்டும் என்றால் போதாது. தேர்வில் வருவது விளக்கக் கட்டுரை. ஒரு பொருள் எப்படி உருவானது, ஒரு உயிரினம் எப்படி வாழ்கிறது, இரண்டு ஆய்வாளர்கள் எதில் முரண்படுகிறார்கள் என்கிற மாதிரி. பேப்பரின் அறிவியல் பக்கம், பிபிசியின் அறிவியல், வரலாற்றுக் கட்டுரைகள், ஆய்வாளர்கள் பொதுமக்களுக்காக எழுதும் த கான்வர்சேஷன் இணையதளம் ஆகியவை இதற்கு நெருக்கம்.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தாலே புரிதல் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1988-ல் வெளியான அந்த ஆய்வில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயரெடுத்து, ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே வாரத்துக்கு ஒரு புதுத் துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் எரிமலை, அடுத்த வாரம் காகிதம் பிறந்த கதை. முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனாலும் சரிதான்.

"மொதல்ல பாசேஜ் படிக்கணுமா, கேள்விய படிக்கணுமா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

நான் சொல்லும் வரிசை இது. தலைப்பையும் ஒவ்வொரு பாராவின் முதல் ஒன்றிரண்டு வாக்கியத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் பாருங்கள். எந்தப் பாரா எதைப் பேசுகிறது என்று ஒரு வரைபடம் மனதில் விழுந்தால் போதும். பிறகு கேள்விக்குப் போங்கள். கேள்வியை மெதுவாகப் படியுங்கள், பாசேஜைவிட மெதுவாக. அப்புறம் விடை இருக்கும் பாராவுக்குத் திரும்புங்கள்.

எந்த வகைக் கேள்விக்கு விடை வரிசையாக வரும் என்று தெரிந்திருப்பது பெரிய உதவி. ட்ரூ ஃபால்ஸ் வகை, மல்டிபிள் சாய்ஸ், வாக்கியத்தை முடிக்கும் வகை ஆகியவற்றில் விடைகள் பாசேஜின் வரிசையிலேயே வரும். எந்தப் பாராவில் இந்தத் தகவல் இருக்கிறது என்று கேட்கும் வகையில் அப்படி வராது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கேள்விகளை முடிப்பதற்குள் பாசேஜ் உங்களுக்குப் பழகியிருக்கும்.

"ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்... இதுலதான் மேடம் உயிர் போகுது."

எல்லோருக்கும் போகிறது. தமிழிலேயே ஒரு சின்னப் பாசேஜ் வைத்துப் பார்ப்போம்.

"மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலை ரயில் பாதை 1899-ல் திறக்கப்பட்டது. 1908-ல் அது ஊட்டி வரை நீட்டிக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில், ஏற்றம் அதிகமுள்ள பகுதியில் மட்டும் பல் தண்டவாளம் பயன்படுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது."

இப்போது மூன்று கூற்றுகள். ஒன்று: "1905-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நேராக ரயிலில் போக முடியாது." பாசேஜில் 1905 என்ற எண்ணே இல்லை, ஆனாலும் விடை ட்ரூ. 1908-ல்தான் பாதை ஊட்டியைத் தொட்டது என்று எழுதியிருப்பதிலிருந்தே அது வந்துவிடுகிறது. இரண்டு: "பாதை முழுவதும் பல் தண்டவாளம் பயன்படுகிறது." ஃபால்ஸ். "மட்டும்" என்ற ஒரு சொல் இதை அடித்துவிடுகிறது, மேலே சின்னச் சொற்களைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். மூன்று: "யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பயணிகள் அதிகமானார்கள்." நாட் கிவன். அதிகமானார்களா குறைந்தார்களா என்று பாசேஜ் வாயே திறக்கவில்லை.

குழம்பும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கூற்றைச் சொல்பவரிடம் நான் பாசேஜைக் காட்டி, நீ சொல்வது தப்பு என்று நிரூபிக்க முடியுமா?" விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருந்தால் ஃபால்ஸ். சரி என்று காட்ட வரி இருந்தால் ட்ரூ. இரண்டுக்கும் வரி இல்லை என்றால் நாட் கிவன். அதற்கு மேல் தேடாதீர்கள். விடைகள் வரிசையாக வரும் என்று பார்த்தோம், ஆகவே முந்தின விடைக்கும் அடுத்த விடைக்கும் நடுவில் இல்லை என்றால் அனேகமாக எங்குமே இல்லை.

"எனக்கு நல்லா தெரிஞ்ச டாபிக் வந்துச்சு. அதுலதான் மார்க் ரொம்பக் கம்மி. எப்படி?"

அதே மலை ரயில் பாசேஜில் இன்னொரு கூற்று சேர்க்கிறேன்: "இறங்குவதைவிட ஏறுவதற்கு இந்த ரயில் அதிக நேரம் எடுக்கும்." ஊட்டிக்கு ரயிலில் போய் வந்தவர்கள் உடனே ட்ரூ போட்டுவிடுவார்கள். அது உண்மையும்கூட. ஆனால் மேலே உள்ள நான்கு வாக்கியத்தில் அது எங்கே இருக்கிறது? விடை நாட் கிவன்.

செவிலியர்களுக்கு மருத்துவப் பாசேஜில் இதுதான் நடக்கிறது. கிருமித் தொற்று பற்றி நான்கு வரி வந்தால் ஐந்தாவது வரியை அவர்களே மனதில் எழுதிவிடுகிறார்கள். பேஸ்பால் ஆய்வில் பார்த்த மாதிரி, தெரிந்த விஷயம் வாசிக்க உதவும். வாசித்து முடித்து விடை போடும்போது அதை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். தெரிந்த தலைப்பு வந்தால், ஒவ்வொரு விடைக்கும் பாசேஜில் ஒரு கோடு கிழிக்காமல் விடை எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"யெஸ், நோ, நாட் கிவனும் அதேதானே?"

முறை அதேதான். ட்ரூ ஃபால்ஸ் தகவலைக் கேட்கும், யெஸ் நோ எழுதியவரின் கருத்தைக் கேட்கும். பாசேஜில் "சிலர் இப்படி நினைக்கிறார்கள்" என்று வந்தால் அது எழுதியவரின் கருத்தா, அவர் மறுக்கப்போகும் ஆளின் கருத்தா என்று அடுத்த வாக்கியம் வரை பொறுத்துப் பாருங்கள். "ஹவெவர்" என்று தொடங்கினால் அவர் கருத்து அதற்குப் பின்னால் இருக்கிறது.

"ஹெடிங் மேட்ச் பண்றதுல ரெண்டு ஹெடிங் பொருந்தற மாதிரியே இருக்கு."

அப்படித்தான் அமைப்பார்கள். ஒரு தலைப்பு பாராவில் உள்ள ஒரு சொல்லையோ ஒரு விவரத்தையோ பிடித்துக்கொண்டு இருக்கும், இன்னொன்று முழுப் பாராவையும் போர்த்தும். போர்த்துவதுதான் விடை. சோதிக்க எளிய வழி: தலைப்பைப் பார்க்காமல் பாராவை ஒரே தமிழ் வாக்கியத்தில் சொல்லுங்கள், அப்புறம் பட்டியலைப் பாருங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய எண்ணத்தை முதலில் சொல்லிவிட்டு நடுவில் திரும்பும் பாராக்கள் நிறைய உண்டு.

"விடை கரெக்ட். ஆனாலும் மார்க் தரல. அநியாயம் இல்லையா?"

விதிமுறையைப் பாருங்கள். "இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்று சொன்ன இடத்தில் மூன்று சொல் எழுதினால் விடை சரியாக இருந்தாலும் மார்க் இல்லை. நடுவில் சிறுகோடு போட்டு இணைத்த சொல்லை ஒன்றாகவே எண்ணுவார்கள். பாசேஜிலிருந்து எடுத்து எழுதச் சொன்னால் அதே சொல்லை எழுதுங்கள், உங்கள் சொல்லில் மாற்றாதீர்கள். ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போகும், அதுவும் கண்முன்னே இருக்கும் சொல்லைத் தப்பாக எழுதி. பன்மையின் "எஸ்" விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டையும் ஏற்பார்கள், முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினாலும் ஏற்பார்கள்.

"நேரமே பத்தல. மூணாவது பாசேஜ் தொடக்கூட முடியல."

முதலில் உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள். 300 சொல் உள்ள ஒரு பகுதியை எடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, புரிகிற வேகத்தில் படியுங்கள். இரண்டு நிமிடம் ஆனால் உங்கள் வேகம் நிமிடத்துக்கு 150. மூன்று பாசேஜும் 2,500 சொல் என்று வைத்தால், முழுவதையும் ஒரு முறை படிக்க 17 நிமிடம். மிச்சம் 43 நிமிடம் 40 கேள்விக்கு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே மௌனமாகப் படிக்கும்போது சராசரியாக நிமிடத்துக்கு 240 சொல்லை ஒட்டித்தான் படிக்கிறார்கள். ஆகவே 150 ஒன்றும் அவமானம் இல்லை, இந்தத் தேர்வுக்குப் போதும்.

பெரும்பாலும் நேரம் போவது படிப்பதில் இல்லை, திரும்பத் திரும்பத் தேடுவதில். ஒரே கேள்விக்கு நான்கு நிமிடம் பிடிவாதமாக நிற்பவர்கள் மூன்றாவது பாசேஜில் எளிய கேள்விகளை இழக்கிறார்கள். ஒன்றரை நிமிடம் தாண்டினால் ஒரு ஊகத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து நகருங்கள். பாசேஜ் போகப் போகக் கடினமாகும் என்பதால் முதலாவதை 17 நிமிடத்திலும் இரண்டாவதை 20 நிமிடத்திலும் முடித்தால், மூன்றாவதற்கு 23 கிடைக்கும்.

"முப்பது மாக் டெஸ்ட் எழுதிட்டேன் மேடம். 6லயே நிக்குது. இனி என்ன பண்றது?"

31-வது டெஸ்ட் எழுதாதீர்கள். எழுதிய முப்பதையும் எடுத்து வையுங்கள்.

இதைக் கேட்டவர் ஒரு செவிலியர். நைட் டூட்டி முடித்துவிட்டு, தூங்காமல் நேராக வகுப்புக்கு வந்திருந்தார். ஒவ்வொரு டெஸ்டின் மேலும் சிவப்பு மையில் மார்க் மட்டும் இருந்தது: 24, 25, 23, 25. தப்பான கேள்வியை அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன்: விடை இருந்த வாக்கியம் எது, நான் என்ன போட்டேன், ஏன் போட்டேன். அந்த "ஏன்"னுக்கு ஐந்தில் ஒன்றுதான் வரும். சொல் தெரியவில்லை, வாக்கியம் பிரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, எனக்குத் தெரிந்ததை வைத்துப் போட்டேன், நேரமில்லை.

மூன்று டெஸ்ட் முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. சொல் தெரியாமல் போனவை கொஞ்சம்தான். பாதிக்கு மேல் "வாக்கியம் பிரியவில்லை". அவரோ அதுவரை சொல் பட்டியலைத்தான் இரவு பகலாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பட்டியலை மூடி வைத்துவிட்டு, நாலு வரி வாக்கியம் பற்றிய பதிலில் சொன்ன அடைப்புப் பயிற்சியை ஆறு வாரம் செய்தார். வாரத்துக்கு ஒரே ஒரு டெஸ்ட், அதை எழுத ஒரு மணி நேரம், பிரித்துப் பார்க்க இரண்டு மணி நேரம். உங்கள் நோட்டு வேறு காரணத்தைக் காட்டலாம். காட்டுகிற இடத்தில் வேலை செய்யுங்கள்.

"ஐஇஎல்டிஎஸ் விட்டுட்டு ஓஇடி எழுதலாமா? அதுல ரீடிங் ஈஸின்னு சொல்றாங்க."

ஓஇடி மருத்துவத் துறையினருக்கான தேர்வு என்பதால் பாசேஜ் எல்லாம் மருத்துவம். சொற்கள் பழகியவை, அந்த அளவில் வசதி. ஆனால் முதல் பகுதியில் 15 நிமிடத்தில் 20 கேள்வி, நான்கு சின்னப் பகுதிகளுக்குள் ஓடி ஓடித் தேட வேண்டும். மிச்சம் 45 நிமிடத்தில் 22 கேள்வி, அதில் நீளக் கட்டுரைகளில் எழுதியவரின் கருத்தைத் தோண்டும் கேள்விகள் வரும். தெரிந்த தலைப்பு வைக்கும் பொறி இங்கே இன்னும் பெரிது. இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தாள் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், கட்டணம் கட்டுவதற்கு முன்னால்.

"கம்ப்யூட்டரா, பேப்பரா?"

பாசேஜும் கேள்வியும் தரத்தில் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் பாசேஜ் ஒரு பக்கம், கேள்வி மறுபக்கம் என்று திரையில் சேர்ந்தே இருக்கும், பக்கம் புரட்ட வேண்டாம். பென்சிலால் கோடு போட்டால்தான் மூளை ஓடும் என்பவர்களுக்கு, பேப்பர் தேர்வு இன்னும் நடக்கும் இடமாக இருந்தால், அது வசதி. எங்கே எழுதப்போகிறீர்களோ அதிலேயே கடைசி ஒரு மாதம் பழகுங்கள்.

"மத்ததெல்லாம் 7 வந்துடுச்சு, ரீடிங் மட்டும் 6.5. எல்லாத்தையும் திரும்ப எழுதணுமா?"

கம்ப்யூட்டரில் எழுதியவர்களுக்கு ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதி வந்திருக்கிறது. முதல் தேர்வு நடந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும், ஒரு முறைதான். ஆனால் எல்லா நிறுவனங்களும் அந்த ரிசல்ட்டை ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமோ பதிவு அமைப்போ ஏற்கிறதா என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

60 நாள் இருக்கிறதே என்று முதல் வாரமே தேதி எடுக்காதீர்கள். அகாடமிக்கில் 6.5 என்றால் 7க்கு இரண்டு மூன்று கேள்விதான் குறைகிறது. ஆறு வாரம் தள்ளித் தேதி எடுங்கள். அதுவரை தினமும் ஐந்து வாக்கியம், வாரத்துக்கு ஒரு டெஸ்ட், பக்கத்தில் அந்த நாற்பது பக்க நோட்டு.